கரி அடுப்புக்கு எந்த பாட்டில்? தக்காளி சாஸும் பார்பிக்யூ சாஸும்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் மொட்டை மாடியில் கரி பற்றவைக்கிற வீடு எங்களுடையது. சென்னை ராயபுரத்தில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்துகொண்டு சுட்டுச் சாப்பிடாமல் இருப்பது கஷ்டம். மீன் கிடைக்கிற நாளில் மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த 61 நாளும் பெரும்பாலும் கோழி. இந்த முறை தடைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் ஓடியது ஒரே விவாதம்தான்: கறிமேல் தடவுவதற்குத் தக்காளி சாஸா, பார்பிக்யூ சாஸா?

தம்பி பார்பிக்யூ சாஸ் கட்சி. நான் தக்காளி சாஸ் கட்சி. வாய்ச்சண்டையாகவே விட்டுவிடாமல், ஒரே கடைக் கோழி, ஒரே மசாலா, ஒரே அடுப்பு என்று வைத்துக்கொண்டு வாராவாரம் சுட்டுப் பார்த்தோம். மீன் வரத் தொடங்கியதும் மீனிலும் இறாலிலும் பார்த்தோம். அதில் எனக்குத் தெளிவானதைச் சொல்கிறேன்.

முதலில் பெயர். முட்டை பப்ஸுக்கும் சமோசாவுக்கும் பக்கத்தில் வைக்கிற சிவப்புக்கு நம் ஊரில் பெயர் சாஸ். பாட்டிலில் கெட்சப் என்று அச்சடித்திருந்தாலும் கடையில் போய் "தக்காளி சாஸ் ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன். தள்ளுவண்டியில் ஃப்ரைட் ரைஸ் மேல் பிழிகிற நீர்த்த சாஸை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது நெருப்பைக் கண்டால் வெறும் கலர் தண்ணீராக ஓடிவிடும். லேபிளில் பொருட்களை எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகப் போட வேண்டும் என்பது விதி. தக்காளி விழுது அந்த வரிசையில் முன்னாடி இருக்கிற பாட்டிலாகப் பார்த்து எடுங்கள்.

அதே வரிசையைப் பார்பிக்யூ பாட்டிலிலும் படித்தேன். நான் வாங்கியதில் சர்க்கரை முன்னால் நின்றது. அதற்குப் பின்னால் தக்காளி விழுது, வினிகர், மசாலாத் தூள்கள், கடைசியில் புகை மணம். அமெரிக்காவில் பார்பிக்யூ சாஸ் என்றால் ஊருக்கு ஒரு வகை உண்டு. வட கரோலினாவின் கிழக்குப் பக்கம் வினிகரும் மிளகாயும் மட்டும், தக்காளியே கிடையாது. தென் கரோலினாவில் கடுகு சாஸ். அலபாமாவில் மயோனைஸ் போட்ட வெள்ளை சாஸ். நம் சூப்பர் மார்க்கெட் அலமாரியில் அதிகம் கிடைப்பது கான்சாஸ் சிட்டி பாணி: தக்காளி, வினிகர், அதோடு கரும்பாலையில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுகிற கறுப்புப் பாகான மொலாசஸ். தக்காளி சாஸைப் பாகு போட்டுக் காய்ச்சி, புகை வாசனை ஏற்றினால் வருவது கிட்டத்தட்ட அதுதான். இரண்டு பாட்டிலும் ஒரே குடும்பம். இது மனசில் இருந்தால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

சரி, அடுப்புக்கு வருவோம். எதைத் தடவினாலும் கேள்வி சர்க்கரையில்தான் வந்து நிற்கிறது. தக்காளி சாஸில் சுமார் கால் பங்கு சர்க்கரை. பார்பிக்யூ சாஸில் மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் இன்னும் அதிகம். நாம் போடுகிற சாதாரணச் சர்க்கரை 160 டிகிரி செல்சியஸ் வாக்கில் நிறம் மாறத் தொடங்கும். அதற்கு மேல் போகப் போகக் கசக்கும். கனன்று கிடக்கிற கரிக்கு நேர் மேலே இருக்கிற கம்பி இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆனால் சாஸில் ஈரம் இருக்கிறவரை அதன் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஈரம் வற்றிய நிமிஷம்தான் ஆபத்து. பார்பிக்யூ சாஸ் கெட்டி, பாகு அதிகம், சீக்கிரம் வற்றும். தக்காளி சாஸில் தண்ணீர் அதிகம், கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

முதல் ஞாயிறு இதை அனுபவமாகவே பார்த்தோம். ஆறு லெக் பீஸ், தோலோடு வாங்கினேன். கோழிக் கடையில் பழக்கத்தில் தோலை உரிக்கப் போனார்கள், நிறுத்தினேன். சுடுவதற்குத் தோல் வேண்டும், அதன் கொழுப்புதான் கறியைக் காயாமல் காப்பாற்றும். காலையிலேயே உப்பு, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது போட்டு ஊறவைத்து, சாயங்காலம் மூன்று துண்டில் தக்காளி சாஸ், மூன்றில் பார்பிக்யூ சாஸ் தாராளமாகத் தடவி நேராகக் கரிக்கு மேலே வைத்தோம். நாலாவது நிமிஷம் பார்பிக்யூ பக்கம் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. ஒரு கொப்புளம் உடைந்து சொட்டு கீழே விழ, தீ எழும்பி இரண்டு துண்டை நக்கிவிட்டுப் போனது. தக்காளி சாஸ் துண்டுகள் இன்னும் இரண்டு மூன்று நிமிஷம் தாங்கின. பிறகு கம்பியில் ஒட்டிக்கொண்டு, திருப்பும்போது தோலைப் பிய்த்துக்கொண்டு வந்தன. வெட்டிப் பார்த்தால் இரண்டு பக்கத்திலும் எலும்போரம் ரத்தம்.

ஆகவே எலும்போடு இருக்கிற கோழிக்கு முதலிலிருந்தே எந்த சாஸும் தடவக் கூடாது. அடுத்த ஞாயிறு கரியை அடுப்பின் ஒரு பாதிக்கு ஒதுக்கினோம். மறு பாதி காலி. கோழியைக் காலிப் பக்கம் வைத்து, ஒரு பெரிய சட்டியைக் கவிழ்த்து மூடி, வெறும் மசாலாவோடு அரை மணி நேரத்துக்கு மேல் வேகவிட்டோம். கோழியின் உள்சூடு 74 டிகிரி வர வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் எலும்போரம் குத்திப் பாருங்கள், வழிகிற நீர் தெளிவாக இருக்க வேண்டும். அதன் பிறகு பிரஷ்ஷால் மெல்லிசாக ஒரு பூச்சு, இரண்டு நிமிஷம், திருப்பி மறுபடி ஒரு பூச்சு. மொத்தம் ஐந்தாறு நிமிஷம்தான் சாஸ் நெருப்பைப் பார்த்தது.

அன்றைக்குப் பார்பிக்யூ சாஸ் ஜெயித்தது. தக்காளி சாஸ் ஐந்து நிமிஷத்தில் முழுசாக வேகவில்லை. பச்சை வினிகர் வாசனை மூக்கில் ஏறியது, மேலே மங்கலாக ஒரு படலம்தான் இருந்தது. பார்பிக்யூ பூச்சு தோலோடு இறுகி, விளக்கு வெளிச்சத்தில் அரக்கு மாதிரி பளபளத்தது. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது, கடித்தால் மெல்லிய நொறுக்கு. ஓரமெல்லாம் கறுப்பாக இருந்ததைப் பார்த்து நான் முகம் சுளித்தபோது தம்பி சொன்னான்: "அக்கா, இது கருகல. கறுத்திருக்கு. வாயில வெச்சுப் பாரு." உண்மைதான். மொலாசஸ் பிறவியிலேயே கறுப்பு. கறுப்பதற்கும் கருகுவதற்கும் நடுவே அந்த சாஸில் ஒரு நிமிஷம்தான் இடைவெளி. அதைக் கண்ணால் பிடிக்க முடியாது, மூக்கால்தான் பிடிக்க வேண்டும். பாகு வாசனை இருக்கிறவரை விடலாம். காகிதம் எரிகிற மாதிரி வாசனை வந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். தக்காளி சாஸ் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. சிவப்பு, அடர் சிவப்பு, பழுப்பு என்று படிப்படியாகச் சொல்லிவிட்டுத்தான் கருகும். புதிதாகச் சுடப் பழகுகிறவர் கையில் நான் தக்காளி சாஸைத்தான் கொடுப்பேன்.

மொட்டை மாடியில் சுடுகிற எல்லோருக்கும் இன்னொன்று. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று கிளம்பிவிட்டால் விசிறியே தேவைப்படாது. ஆனால் காற்று அடிக்க அடிக்கக் கரி வெள்ளையாகக் கனன்று, சாஸுக்குக் கிடைக்கிற நேரம் பாதியாகிவிடும். நாங்கள் கிழக்குப் பக்கம் ஒரு தகரத்தைச் சாய்த்து வைக்கிறோம். கம்பிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி நாலு எண்ணுவதற்குள் கையை இழுக்க வேண்டியிருந்தால், பார்பிக்யூ சாஸ் பாட்டிலை அப்போது திறக்காதீர்கள்.

அப்புறம் புகை. பார்பிக்யூ சாஸுக்குப் பணம் கொடுப்பதில் பாதி அந்தப் புகை மணத்துக்குத்தான். பாட்டிலில் இருக்கிற புகை பெரும்பாலும் நிஜப் புகையே. மரத்தை எரித்து, வருகிற புகையைக் குளிரவைத்து நீராக்கிச் சேர்க்கிறார்கள். கேஸ் அடுப்பில், தோசைக்கல்லில், ஏர் ஃப்ரையரில் செய்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. அங்கே பார்பிக்யூ சாஸ் ஜெயிக்கிறது, யோசிக்கவே வேண்டாம். கரி அடுப்பு வைத்திருக்கிறவருக்கு அது எதற்கு? நமக்குக் கிடைக்கிற கரி பெரும்பாலும் சீமைக் கருவேலம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எரித்து மூட்டை மூட்டையாக வருகிறது. இஸ்திரி வண்டிக்காரரும் அதைத்தான் போடுகிறார். அந்த மரம் மெக்ஸிகோ, தென் அமெரிக்கா பக்கத்திலிருந்து இங்கே வந்தது. டெக்சாஸில் மெஸ்கீட் என்று பெருமையாகச் சொல்லி இறைச்சி சுடுகிறார்களே, அதற்கு நெருங்கிய சொந்தம். வயலைக் கெடுக்கிறது என்று நாம் திட்டித் தீர்க்கிற மரத்தின் கரியில் அவர்கள் தேடுகிற வாசனை ஓரளவு இருக்கிறது. கொழுப்பு சொட்டிக் கரியில் விழுந்து எழும்புகிற புகைதான் சுட்ட கறியின் உயிர். அதற்கு மேல் பாட்டில் புகையையும் போட்டால் இரண்டும் மோதுகின்றன. மூன்றாவது வாரம் எங்கள் வீட்டில் ஒருத்தர் தட்டைத் தள்ளிவைத்ததற்கு அதுதான் காரணம். சாம்பல் நக்கின மாதிரி இருக்கிறது என்றார்.

அமெரிக்காக்காரர்கள் இதைத் தப்பாகச் செய்து வைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பார்பிக்யூ என்று சொல்கிற சமையலே வேறு. 110 டிகிரி வாக்கில், மணிக்கணக்காக, புகையிலேயே பன்றித் தோளையும் மாட்டு நெஞ்சுக்கறியையும் வேகவைக்கிறார்கள். அந்தச் சூட்டில் சாஸ் கருகாது, நிதானமாக இறுகும். பல ஊர்களில் சாஸைத் தட்டில்தான் பக்கத்தில் வைக்கிறார்கள். நாம் செய்வது சுடுதல். பெரிய தீ, குறைந்த நேரம். அந்த மெதுவான நெருப்புக்குப் பிறந்த சாஸை நம் அடுப்புக்குக் கொண்டுவரும்போது கடைசி ஐந்து நிமிஷத்தில் மட்டும் வேலை வாங்க வேண்டும்.

இறாலுக்குத் தக்காளி சாஸ். இதில் தம்பியும் ஒத்துக்கொண்டான். இறால் ஒரு பக்கம் இரண்டு நிமிஷம், மறு பக்கம் இரண்டு நிமிஷம், முடிந்தது. சாஸின் ஈரம் வற்றுவதற்குள் இறால் வெந்துவிடும் என்பதால் கருகுமோ என்ற பயமே இல்லை. ஒரு கிலோ இறாலுக்கு நாலு ஸ்பூன் தக்காளி சாஸ், தட்டின பூண்டு, மிளகாய்த்தூள், கொஞ்சம் நல்லெண்ணெய், உப்பு போட்டுப் பிசறி 20 நிமிஷம் வைத்தால் போதும். அதற்கு மேல் ஊறினால் சாஸில் இருக்கிற வினிகர் இறாலை மாவாக்கிவிடும். பார்பிக்யூ சாஸ் தடவின இறாலைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் இறாலா பன்னீரா என்று தெரியவில்லை. நல்ல விலை கொடுத்து வாங்கின இறாலுக்கு அது அநியாயம். கடம்பாவுக்கும், அதாவது கணவாய்க்கும், இதே தீர்ப்பு. பன்னீர், காளான் என்றால் தாராளமாகப் பார்பிக்யூ சாஸ் போடுங்கள். தனக்கென்று பெரிய வாசனை இல்லாத பொருளுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.

மீன்தான் எனக்கு முக்கியம், மீனுக்கு இரண்டுமே வேண்டாம். முழு சங்கரா வாங்கி வெட்டக் கொடுத்தபோது காசிமேட்டில் மீன் வெட்டுகிற பையன் கேட்டான்: "சுடறதுக்காக்கா? அப்ப செதில் இருக்கட்டும், வயித்த மட்டும் கிளீன் பண்ணித் தர்றேன்." அவன் சொன்னதுதான் சரி. செதிலோடு சுட்டால் தோல் ஒரு கவசம் மாதிரி இறுகி, உள்ளே சதை தன் நீரிலேயே வேகிறது. வெந்ததும் தோலைச் செதிலோடு அப்படியே ஏடு மாதிரி உரித்து எடுத்துவிடலாம். அப்படி உரித்து எறிகிற தோலின் மேல் எந்த சாஸைத் தடவி என்ன பயன்? வயிற்றுக்குள் உப்பு, மிளகு, பூண்டு, கறிவேப்பிலை, உரித்த பிறகு எலுமிச்சை. வஞ்சிரம் துண்டில் இரண்டு சாஸையும் வைத்துப் பார்த்தோம். தக்காளி சாஸ் மீனைக் கொஞ்சம் மறைத்தது, பார்பிக்யூ சாஸ் மொத்தமாக மறைத்தது. வஞ்சிரம் விற்கிற விலைக்கு நான் மறுபடி அதைச் செய்ய மாட்டேன்.

மசாலாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டை, கிராம்பு, கரம் மசாலா போட்டு ஊறவைத்த கறியின் மேல் பார்பிக்யூ சாஸ் போகாது. இரண்டு கச்சேரி ஒரே மேடையில் நடக்கிற மாதிரி இருக்கும். அதைப் போடுவதாக இருந்தால் உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், பூண்டு, இதோடு நிறுத்திவிடுங்கள். தக்காளி சாஸ் நம் மசாலாவோடு சண்டை போடாது. தக்காளியும் மிளகாயும் நம் வாய்க்கு எப்போதும் பழகின ஜோடி.

இத்தனையும் பார்த்த பிறகு ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும் என்றால் நான் தக்காளி சாஸ்தான் வாங்குவேன். அது விலை குறைவு, தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும் என்பது ஒரு பக்கம். பெரிய காரணம், அதிலிருந்து பார்பிக்யூ சாஸுக்குப் போகலாம். பார்பிக்யூ சாஸிலிருந்து சர்க்கரையையும் புகையையும் பிரித்தெடுத்துத் தக்காளி சாஸுக்குத் திரும்பி வர முடியாது.

போகிற வழியையும் சொல்லிவிடுகிறேன். இது எங்கள் வீட்டில் அம்மா இறங்கினதால் வந்தது. பார்பிக்யூ சாஸைத் தொட்டு நாக்கில் வைத்ததும், "கறியில என்னாத்துக்குடி இவ்ளோ சக்கர?" என்று கேட்டார். அதில் மொலாசஸ் என்று ஒரு கறுப்புப் பாகு இருக்கிறது என்று விளக்கினேன். "அதுக்குக் கருப்பட்டி போட வேண்டியதுதானே" என்றார். மொலாசஸுக்கு இருக்கிற அதே ஆழம், லேசான கசப்பு, கூடவே ஒரு புகை நெடி எல்லாம் கருப்பட்டியில் இருக்கிறது. எனக்கு அது தோன்றவே இல்லை.

புளிப்புக்கு வேறு கதை. அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் பார்பிக்யூ சாஸுக்கு வூஸ்டர் சாஸ் என்ற ஒன்றைப் பல இடங்களில் சேர்க்கச் சொல்கிறார்கள். அது இங்கிலாந்துச் சரக்கு, 1837 முதல் விற்பனையில் இருக்கிறது. அதன் பொருட்களைப் படித்தால் புளி, வினிகர், மொலாசஸ், உப்பில் ஊறின நெத்திலி இன மீன். கெட்சப் என்ற சொல்லும் தென்சீனத்து ஹொக்கியன் மொழியில் புளிக்கவைத்த மீன் நீருக்கு இருந்த பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள். அதில் தக்காளி நுழைந்தது பிற்பாடு. ஆரம்பத்தில் அச்சான தக்காளி கெட்சப் செய்முறைகளில் ஒன்று 1812இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் மீஸ் எழுதியது. ஹைன்ஸ் கம்பெனி தன் தக்காளி கெட்சப்பை விற்கத் தொடங்கியது 1876இல். புளியும் நெத்திலியும் நம் வீட்டிலேயே இருக்கும்போது வூஸ்டர் சாஸைத் தேடி அலைவானேன்?

ஒரு கப் தக்காளி சாஸ். அதற்கு முன்னால் ஒரு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, கொஞ்சம் நல்லெண்ணெயில் பொன்னிறம் தாண்டுகிறவரை வதக்குங்கள். நாலு பல் பூண்டு தட்டிப் போட்டு, அடுப்பைக் குறைத்து ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள், அரை ஸ்பூன் மிளகுத்தூள், அரை ஸ்பூன் கடுகுப் பொடி. அப்புறம் தக்காளி சாஸ், எலுமிச்சை அளவில் பாதிப் புளியைக் கரைத்த கெட்டித் தண்ணீர், கரைத்து வடிகட்டின கருப்பட்டி மூன்று ஸ்பூன். நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, கழுவிக் காயவைத்து, வெறும் சட்டியில் மொறுமொறுப்பாக வறுத்துப் பொடித்து அரை ஸ்பூன். கருவாட்டில் உப்பு இருக்கிறது, தக்காளி சாஸிலும் இருக்கிறது, அதனால் கடைசியில் ருசி பார்த்துவிட்டு உப்பைப் பற்றி யோசிக்கலாம். சின்னத் தீயில் 15 நிமிஷம் அடிப்பிடிக்காமல் கிளறினால் கரண்டியின் பின்புறம் ஒட்டுகிற பதம் வரும். ஆறினதும் வாசனை பார்த்தால் கருவாடு தனியாகத் தெரியாது. அது இல்லாமல் ஒரு தடவை செய்து பார்த்தால்தான் அது என்ன வேலை செய்தது என்று தெரியும்.

புகை எதுவும் சேர்க்கவில்லை, அதைக் கரி பார்த்துக்கொள்கிறது. கோழிக்கு இதுவும் கடைசி ஐந்து நிமிஷம்தான், மெல்லிசாக, இரண்டு பூச்சு. கருப்பட்டியும் சர்க்கரைதானே, விட்டால் கருகும். பிரஷ் தோய்க்கிற கிண்ணத்தில் தேவையானதை மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள். கறியில் பட்ட பிரஷ்ஷை மறுபடி பாட்டிலுக்குள் விட்டால் மிச்ச சாஸ் முழுதும் கெட்டுவிடும். சுத்தமான கண்ணாடி பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்தால் எங்கள் வீட்டில் அடுத்த ஞாயிறு வரை நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் இருக்குமா என்று பார்க்க இதுவரை மிஞ்சினதில்லை. தம்பி அதை இட்லிக்குத் தொட்டுக்கொள்கிறான்.